அறைப்பதம்: ‘குளிர்’ என்ற சொல்லை விட்டுவிடலாமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

கணினி அறையைக் கருவிகளுக்கு ஏற்றபடி தயார் செய்து, அந்த நிலையிலேயே வைத்திருப்பதற்கு ஒரு சொல் கேட்டிருந்தேன். ‘குளிரூட்டல்’ போதும் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். போதாது. அந்தச் சொல்லால் கெட்ட அறை ஒன்று மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறது. கெடுத்தவன் நான்தான்.

பழைய தோட்டத்து ஸ்டோர் ஒன்றில் பிள்ளைகளுக்காகப் பன்னிரண்டு கணினிகள் போட்டோம். கருவிகளோடு வந்த ஆங்கிலக் குறிப்பு ‘கண்டிஷன்’ செய்த அறை வேண்டும் என்றது. நான் அதைத் தமிழாக்கிக் கதவில் ஒட்டினேன்: ‘அறையை எப்போதும் குளிராக வைத்திருக்கவும்.’ பொறுப்பாளர் சொன்னபடி கேட்கிறவர். ஏர்கோனை, அதாவது ஏசியை, 16 பாகையில் வைத்தார். அறைக்கு மீறிய ஏர்கோன் வேறு. கொஞ்ச நேரத்தில் சில்லிட்டதும் கம்ப்ரசர் நின்றுவிடும். ஓடினால்தானே ஈரத்தை இழுக்கும்? அறை குளிர்ந்தது, காயவில்லை. மதியம் ஏர்கோனை அடைத்துவிட்டு, அறை காற்று வாங்கட்டும் என்று சன்னலைத் திறந்துவிடுவார். வெளியே 32 பாகை, ஒப்பு ஈரப்பதம் (அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் இருக்கிற பங்கு) 75 விழுக்காடு என்று வையுங்கள். அந்தக் காற்று 27 பாகைக்குக் கீழே இருக்கிற எதைத் தொட்டாலும் நீர் கோத்துக்கொள்ளும். தே ஓ ஐஸ் (பாலில்லாத ஐஸ் தேநீர்) கிளாஸ் வேர்க்குமே, அதேபோல் அன்று போடாமல் கிடந்த கணினிகளின் தகரம் வேர்த்தது. கழற்றிப் பார்த்தபோது செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு.

கணினி அறைகளுக்கு, அமெரிக்காவின் ஆஷ்ரே (ASHRAE) என்ற ஏர்கோன் பொறியாளர் அமைப்பு 2004-இல் பரிந்துரைத்த அளவு 20 முதல் 25 பாகை, ஒப்பு ஈரப்பதம் 40 முதல் 55 விழுக்காடு. 2008-இல் வெப்பத்தை 18–27 என்று தளர்த்தியது. இரண்டு பக்கமும் வரம்பு இருப்பதைக் கவனியுங்கள். ஈரம் ஏறினால் துரு. ரொம்பக் காய்ந்தால் நிலைமின்: காய்ந்த காற்றில் கம்பளத்தின் மேல் நடக்கிற ஆள் பல்லாயிரம் வோல்ட்டைச் சேர்த்துக்கொண்டு வருவார். அது சுமார் 3,000 வோல்ட்டுக்குக் குறைவாக இருந்தால், பாய்வது நம் விரலுக்கே தெரியாது. சில வகைச் சில்லுகளுக்கு நூறு வோல்ட்டே எமன். ‘குளிர்’ என்பது ஒற்றைப் பக்கச் சொல். கூடக் கூட நல்லது என்று நினைக்க வைத்துவிடுகிறது.

சரியான சொல் என் அப்பாவிடம் இருந்தது. கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், ஷீட்டைப் புகையில் காயவைக்கிற புகைவீடு பார்த்தவர். ஷீட் தொங்கவிட்ட தொடக்கத்தில் சூடு கூடினால் குமிழ் விழும், குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். விறகைத் தள்ளுவார், இழுப்பார், மேலே காற்றுக்கதவைக் கொஞ்சம் திறப்பார், மறுபடி மூடுவார். ‘சூடு இருக்கா?’ என்று தண்டல் (மேற்பார்வையாளர்) கேட்டால் ‘பதமா இருக்கு’ என்பதுதான் பதில். சூடு, ஈரம், காற்றோட்டம் மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். ‘ஈரப்பதம்’ என்று நாம் தினமும் சொல்வதிலும் அதுதானே உட்கார்ந்திருக்கிறது? ஆகவே நிலைக்கு ‘அறைப்பதம்’, செயலுக்கு ‘பதமாக்கல்’ என்று முன்வைக்கிறேன்.

> யாழ்ப்பாணத்து ஐயா: எங்களிடம் ‘வளிச்சீராக்கி’ இருக்கிறதே, ‘அறைச்சீராக்கம்’ எனலாமே?

ஏர்கோனுக்கு அதைவிட நல்ல சொல் இல்லை ஐயா. ஆனால் அறைச்சீராக்கம் என்றால் எங்கள் ஊர்க் காதுக்கு மேசை நாற்காலியை ஒழுங்காக அடுக்குவதுபோல் கேட்கிறது. (ஒப்பு ஈரப்பதத்துக்கு உங்கள் பாடநூல்கள் சொல்லும் ‘சாரீரப்பதன்’ எனக்குப் பிடிக்கும். முதல் தடவை பார்த்தபோது பாடகர் சங்கதி என்று நினைத்தேன்.)

> ஈப்போ அண்ணன்: ‘பதப்படுத்திய அறை’ன்னா கருவாடு ஞாபகம் வருதுப்பா.

வரும் அண்ணே. அதனால்தான் பதப்படுத்தலை விட்டுப் பதமாக்கல் என்றேன். பதனிடலும் வேண்டாம், அது தோல்காரர்களுடையது.

தூசையும் அறைப்பதத்தில் சேர்ப்பேன். செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை லாரி போகிற செம்மண் பாதையை ஒட்டிய அறை இது. மின்னல், எர்த் இரண்டையும் சேர்க்க மாட்டேன். அவை ‘மின்காப்பு’, அதற்குத் தனி இழை தொடங்கலாம். போன மாதம் இடி எங்கள் மோடத்தைப் பதம் பார்த்தது வேறு பதம்.

கதவுத் தாளை மாற்றியாயிற்று: ‘அறைப்பதம்: வெப்பம் 24, ஈரம் 45–55. ஏர்கோனை அடைத்ததும் சன்னலைத் திறக்காதீர்.’ பக்கத்தில் ஆணி அடித்து ஓர் ஈரமானியும் மாட்டியிருக்கிறேன். இன்று காலை 58 காட்டியது. அது ‘ஈரமானி’யா ‘ஈரப்பதமானி’யா என்று இப்போதே யாரும் ஆரம்பிக்க வேண்டாம், அடுத்த வாரம் வைத்துக்கொள்வோம்.