பெரியம்மாவுக்கு யார் வாசிப்பது?

குழு: கல்லடி வீடு

சனி

ஷாமினி, காலை 6.52
எல்லாருக்கும் வணக்கம். ரூபி பெரியம்மாவின் கண் ஒப்பரேஷன் நேற்று நல்லபடியாக முடிந்தது. இரவு நன்றாகத் தூங்கினா. காலையில் எழும்பிக் கேட்ட முதல் கேள்வி, "என்ர புத்தகம் எங்க?"

டெரன்ஸ் மாமா, 6.58
கர்த்தருக்குத் தோத்திரம். புத்தகத்தை ஒளித்து வை.

ஷாமினி, 7.01
ஒளித்தாயிற்று. ஒரு கிழமைக்குக் கண்ணை வருத்தக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். போனும் என் கையில்தான். அவ சொல்லுவா, நான் தட்டுவேன். "பெரியம்மா:" என்று வந்தால் வாய் அவவுடையது, விரல் என்னுடையது. எழுத்துப்பிழை வந்தால் அதுவும் என்னுடையது என்று போடச் சொல்கிறா. ரீச்சர் புத்தி போகாது.

ஜெரோம் அண்ணா, 7.05
இங்கே இரவு இரண்டரை. ஷிப்டில் நிற்கிறேன். ஒரு யோசனை. ஆளுக்கொரு நாள் ஏதாவது கதையை வாசித்து வொய்ஸ் போட்டால் என்ன? அவ காதால் கேட்கலாம்தானே.

ஷாமினி, 7.09
பெரியம்மா: என்ர பிள்ளை! லண்டனுக்குப் போனாலும் மூளை இஞ்சதான். ஆனால் என்ன புத்தகம் என்று நான்தான் சொல்லுவேன்.

டெரன்ஸ் மாமா, 7.12
சொல்லத் தேவையில்லை அக்கா. ஒரு விதவை. ஒரு பண்ணை. மனைவி செத்த ஒரு நல்ல மனுசன், கையில் ஒரு குழந்தை. வெளியே பனி. கடைசி அத்தியாயத்தில் கலியாணம். வாசிக்காமலே சொல்லிவிட்டேன் 😂

ஷாமினி, 7.16
பெரியம்மா சிரிக்கிறா. சிரித்தால் கண் இழுக்கும், சிரிப்புக் காட்ட வேண்டாம் மாமா.

பெரியம்மா: அவன் சொல்வது முழுப் பொய்யில்லை. அந்த மாதிரி அமெரிக்கப் புத்தகங்கள் நாற்பது ஐம்பது வாசித்திருப்பேன். மூன்றாம் அத்தியாயத்திலேயே முடிவு தெரியும். தெரிந்துகொண்டுதான் வாசிக்கிறேன். அடுப்பில் பால் பொங்கும் என்று தெரியாமலா பால் வைக்கிறோம்? ஆனால் ஒரு பக்கத்தில் செபம் செய்து அடுத்த பக்கத்தில் கடன் அடைபடுகிற கதை வந்தால் மூடி வைத்துவிடுவேன். எங்கள் வீட்டில் அப்படி ஒரு கடனும் அடைபடவில்லை.

நிரோ மாமி, 7.31
மச்சாள், கண்ணுக்கு மருந்து ஒழுங்காக விடுங்கள். நான் ஒரு கதை வாசிக்கவா? கலியாணம் முடித்து வந்த முதல் நத்தாருக்கு நீங்கள் எனக்குத் தந்த சின்னப் புத்தகம். நிலக்கீழ் அறையில் இருந்து சப்பாத்துத் தைக்கிற மார்ட்டின். ஒரேயொரு யன்னல், அதால் ஆட்களின் கால்தான் தெரியும். சப்பாத்தைப் பார்த்தே இன்னார் போகிறார் என்று சொல்லுவார்.

ஷாமினி, 7.36
பெரியம்மா: டால்ஸ்டாய் 1885இல் எழுதினது. வாசி நிரோ, வாசி. உன் குரலுக்கு அது பொருந்தும்.

நிரோ மாமி, 7.40
நான் களுவாஞ்சிக்குடியில் கோயில் திருவிழாவுக்குள் வளர்ந்தவள். அந்தக் கதை எனக்கு அந்நியமாகவே தெரியவில்லை. கர்த்தர் வருவார் என்று அந்த மனுசன் பார்த்துக்கொண்டிருக்க, வந்தது யார்? பனி அள்ளுகிற கிழவன். குளிரில் குழந்தையோடு நின்ற ஒருத்தி. அப்பிள் களவெடுத்த பொடியன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற இடம்தான் எனக்குப் பிடித்தது. வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்று எங்கள் அம்மாவும் சொல்லுவா.

டெரன்ஸ் மாமா, 7.44
எனக்கு அந்தத் தேத்தண்ணியில் ஒன்று இன்னும் வரவில்லை.

நிரோ மாமி, 7.45
கேத்தில் அடுப்பில்தான். கால் இருக்கிறது, எழும்பி வாருங்கள்.

பிரியா, 8.20
மாமி எப்பிடி இருக்கிறீங்க? நான் சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகளை வாசிக்கட்டா? முதலாவதில் எனக்குப் பிடித்த இடம், அலுமாரிக்குள்ளால் போகிறது.

ஷாமினி, 8.24
பெரியம்மா: வாசி மகள். ஏழு புத்தகம், 1950க்கும் 1956க்கும் இடையில் வந்தது. அலுமாரியில் தொடங்கு, கதை நடந்த வரிசையில் வாசிக்கச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேளாதே. சிங்கம் இயேசுவைத்தான் குறிக்கிறது என்று இடையில் நிறுத்தி விளக்கம் சொல்லவும் வேண்டாம். ஞாயிறு பாடசாலையில் நான் அந்தப் பிழையை விட்டிருக்கிறேன். விளக்கம் சொன்னவுடன் பிள்ளைகளின் முகம் விழுந்துவிட்டது.

டெரன்ஸ் மாமா, 8.40
சரி, நானும் படித்தவன்தான். பென்ஹர்!

ஷாமினி, 8.43
பெரியம்மா: படித்தாயா, பார்த்தாயா?

டெரன்ஸ் மாமா, 8.44
பார்த்தேன். குதிரை வண்டி ஓட்டம்.

ஷாமினி, 8.52
பெரியம்மா: அதுதானே. அந்தப் புத்தகத்தை 1880இல் எழுதினவர் லூ வாலஸ் என்ற இராணுவ ஜெனரல். ரயிலில் ஒரு பேர்போன நாத்திகரோடு பேசிக்கொண்டு போயிருக்கிறார். அவர் கேட்ட கேள்விகளுக்குத் தன்னிடம் பதிலே இல்லை என்று வெட்கம் வந்துவிட்டது. அந்த வெட்கம்தான் புத்தகம். எருசலேமைக் கண்ணால் காணாமலே எழுதினார், வரைபடங்களையும் புத்தகங்களையும் வைத்துக்கொண்டு. கேள்வி கேட்டவரில் கோபப்படாமல் தன்னில் வெட்கப்பட்டாரே, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

(இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னா. எனக்குத்தான் விரல் நோகிறது.)

ஜெரோம் அண்ணா, 9.10
வேலை முடிந்து பஸ்ஸில் போகிறேன். தொடராகக் கேட்கிற மாதிரி ஒன்று சொல்லுங்கள் பெரியம்மா. நான் நாளுக்கொரு அத்தியாயம் போடுகிறேன்.

ஷாமினி, 9.18
பெரியம்மா: அப்படியென்றால் ஷெல்டன் போதகரின் புத்தகம். "இந்த இடத்தில் இயேசு என்ன செய்வார்?" என்று கேட்டுவிட்டு ஒவ்வொரு காரியத்தையும் செய்வதாக ஒரு சபை ஒரு வருசத்துக்கு வாக்குக் கொடுக்கிற கதை. 1896இல் அமெரிக்காவில், கன்சாஸ் மாநிலத்தில் டோபீக்கா என்ற ஊரில், ஞாயிறு மாலை ஆராதனைக்கு ஆட்கள் வரவேண்டும் என்று கிழமைக்கு ஒரு அத்தியாயமாக வாசித்தார். நல்ல இடத்தில் நிறுத்திவிடுவார். மிச்சம் கேட்க அடுத்த ஞாயிறு வந்துதான் ஆகவேண்டும். இப்போது ரீவியில் நாடகம் போடுகிறவர்கள் செய்கிற அதே வேலை, அவர் கோயிலுக்குள் செய்தார்.

ஜெரோம் அண்ணா, 9.21
அப்படியே நானும் நல்ல இடத்தில் நிறுத்துவேன், சொல்லிவிட்டேன்.

ஷாமினி, 9.25
பெரியம்மா: நிறுத்திப் பார். கண் சுகமானதும் உனக்கு இருக்கிறது.

ஷாமினி, 11.02
நான் ஒன்று கேட்கிறேன். எனக்கும் இந்தப் புத்தகங்கள் பிடிக்கும், ஆனால் மன்னிப்பு வருகிற இடத்தில் எப்போதும் மனம் நின்றுவிடும். கதையில் அழுது கட்டிப்பிடித்து நாலு வரியில் முடிந்துவிடுகிறது. இதைப் பெரியம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னதை அப்படியே போடுகிறேன்.

பெரியம்மா: 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு, எங்கள் மட்டக்களப்பில் தேவாலயத்தில் குண்டு வெடித்ததற்குப் பிறகு, ஒரு வருசம் நான் மன்னிப்புக் கதை எதையும் தொடவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகளும் அந்த ஊரில்தானே. அலுமாரியைத் திறப்பேன், மூடுவேன். திரும்ப எடுத்த முதல் புத்தகம் கதையில்லை, நடந்தது. கொரி டென் பூம். ஒல்லாந்தில் ஹார்லெம் நகரத்தில் மணிக்கூடு திருத்துகிற குடும்பம். யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்து, 1944இல் பிடிபட்டார்கள். கொரியும் அக்கா பெட்சியும் நாசிகளின் ராவன்ஸ்புரூக் முகாமுக்குப் போனார்கள். முகாமில் தெள்ளு. தெள்ளுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுவோம் என்கிறா பெட்சி. தெள்ளுக்கு எப்படி ஸ்தோத்திரம் சொல்வது என்று கொரிக்குக் கோபம். பிறகுதான் தெரிந்தது, தெள்ளுக்குப் பயந்து காவலர்கள் அந்த அறைக்குள் வருவதில்லை, அதனால்தான் இவர்களால் வேதம் வாசிக்க முடிந்தது.

பெரியம்மா: அதுவல்ல நான் சொல்ல வந்தது. பெட்சி அங்கேயே செத்துப்போனா. 1947இல் மியூனிக்கில் கொரி மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, அந்த முகாமில் காவலுக்கு நின்ற ஒருவன் வந்து கையை நீட்டுகிறான். இவவுக்குக் கை எழும்பவில்லை. மேடையில் பேசினவவுக்கு! தன்னால் முடியவில்லை, நீரே தாரும் என்று உள்ளுக்குள் கேட்டு, மரக்கட்டை மாதிரிக் கையை நீட்டினதாக எழுதியிருக்கிறா. அந்தக் கை எழும்பாமல் நின்ற நேரத்தை எழுதினதால்தான் நான் மிச்சத்தை நம்பினேன்.

நிரோ மாமி, 11.20
🙏

டெரன்ஸ் மாமா, 11.26
ம். இதைச் சிரிக்க முடியாது.

ஜெரோம் அண்ணா, மாலை 5.40
இப்போதுதான் எழும்பினேன். எல்லாம் வாசித்தேன். பெரியம்மா, சின்ன வயதில் நீங்கள் எங்களுக்கு வாசிக்கிற தடித்த புத்தகம் ஒன்று இருந்ததே? முதுகில் மூட்டையோடு ஒருவர் நடந்துகொண்டே இருப்பார். அது கிடைத்தால் நான் அதையே வாசிக்கிறேன்.

ஷாமினி, 5.52
பெரியம்மா: மோட்சப் பயணம். ஜோன் பன்யன், ஓட்டைப் பாத்திரம் அடைக்கிற தொழில். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்தார் என்று பெட்ஃபோர்ட் சிறையில் 12 வருசம் போட்டார்கள். 1678இல் புத்தகம் வந்தது. அதைத் தழுவித்தான் திருநெல்வேலிப் பக்கத்துக் கிருஷ்ண பிள்ளை இரட்சணிய யாத்திரிகம் பாடினார், 1894. எங்கள் அப்பாவுக்கு இரண்டிலும் பைத்தியம்.

பெரியம்மா: அப்பாவின் மோட்சப் பயணம் 1978 புயலில் நனைந்தது. கூரை போன வீட்டில் புத்தகம் எப்படி இருக்கும்? பக்கம் எல்லாம் அப்பம் மாதிரி ஒட்டிப்போனது. கிணற்றுக் கட்டில் வைத்துத் தென்னை ஈர்க்கால் ஒவ்வொரு தாளாகப் பிரித்தோம், நானும் இந்த டெரன்ஸும். அவனுக்கு 14 வயது, பொறுமை இல்லை. இரண்டு தாளைக் கிழித்துவிட்டான். அப்பா ஏசவில்லை, அதுதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை. புயலுக்குத் தப்பின புத்தகத்தைக் கடல் கொண்டுபோனது. 2004இல் எங்கள் வீட்டில் மிஞ்சினது தையல் மெசினின் தலை மட்டும்.

ஜெரோம் அண்ணா, 5.58
சரி பெரியம்மா, வேறு பிரதி தேடிப் பார்க்கிறேன்.

ஷாமினி, 6.30
டெரன்ஸ் மாமாவுக்கு நீலச் சரி விழுந்திருக்கிறது, பேச்சைக் காணோம். அதிசயம்.

ஞாயிறு

ஷாமினி, மாலை 4.15
நிரோ மாமியின் மார்ட்டினை இரண்டு தரம் கேட்டாயிற்று. பிரியா அலுமாரிக்குள் போய்விட்டாள். ஜெரோம் அண்ணா சொன்னபடியே அநியாயமான இடத்தில் நிறுத்தியிருக்கிறார்.

டெரன்ஸ் மாமா, இரவு 7.48
குரல் பதிவு, 6 நிமிடம் 40 விநாடி

டெரன்ஸ் மாமா, 7.49
ரிப்பன் கிடந்த இடத்திலிருந்து வாசித்தேன். கடைசியில் நின்றுவிட்டது. மன்னிக்கவும்.

ஷாமினி, 7.58
மாமா!! பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்தா. கட்டிலில் எழும்பி இருந்துவிட்டா. நான் பயந்துபோனேன்.

பெரியம்மா: டேய் டெரன்ஸ். கிறிஸ்தியானும் அவன் கூட்டாளி நம்பிக்கையும் அரக்கனின் கோட்டை நிலவறையில் கிடக்கிறார்கள். அடுத்து வெளியே ரோட்டில் நிற்கிறார்கள். நடுவில் எங்கே?

டெரன்ஸ் மாமா, 8.01
நடுவில் தாள் இல்லை அக்கா.

ஷாமினி, 8.02
பெரியம்மா: எத்தனை தாள்?

டெரன்ஸ் மாமா, 8.04
இரண்டு.

ஷாமினி, 8.05
இங்கே ஒருவரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும்.

டெரன்ஸ் மாமா, 8.14
2003இல் உங்களிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனேன். ஒளித்து வாசிக்கத்தான். உங்களைப் பகிடி பண்ணுகிறவன் கையில் அதைக் கண்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று வெட்கம். பிறகு கடல் வந்தது. நாங்கள் செங்கலடியில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் அந்தப் புத்தகத்துக்காக அழுததைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது? ஒரு வருசம் தள்ளினேன், பிறகு அதற்கும் சேர்த்து வெட்கம். முதல் பக்கத்தில் அப்பாவின் பென்சில் இருக்கிறது. "1978.11.26. கிணற்றடியில் காய வைத்தது. இரண்டு தாள் குறைவு."

நிரோ மாமி, 8.16
இவ்வளவு காலமாக அரிசிப் பெட்டிக்கு மேல் கிடக்கிற அந்தப் பழைய புத்தகமா? நான் தூசு தட்டினேனே!

பிரியா, 8.17
அப்பா 🙈

ஜெரோம் அண்ணா, 8.20
கடன் வாங்கினவர் திருப்பிக் கொடுக்காததால் தப்பின புத்தகம். மாமா, உங்களுக்கு நன்றி சொல்வதா ஏசுவதா என்று தெரியவில்லை.

ஷாமினி, 8.31
பெரியம்மா: கடன் இல்லை, களவு. சரி. பேப்பரும் பேனையும் எடு தம்பி, அந்த இரண்டு தாளையும் நான் சொல்கிறேன். புதன் காலையிலிருந்து சனி இரவு வரைக்கும் அப்பமும் தண்ணியும் இல்லாமல் கிடந்தார்கள். அடியும் வாங்கினார்கள். சனி நடுச்சாமத்தில் செபிக்கத் தொடங்கி விடியப்போகும் நேரம், கிறிஸ்தியானுக்குத் தன் நெஞ்சுச் சட்டைக்குள் ஒரு திறப்பு இருப்பது ஞாபகம் வருகிறது. அதன் பெயர் வாக்குத்தத்தம். இவ்வளவு நாளும் சட்டைக்குள்ளேயே கிடந்திருக்கிறது! தன்னை மடையன் என்று ஏசிக்கொள்கிறான். நிலவறைக் கதவு இலேசாகத் திறந்தது. முற்றத்துக் கதவும் திறந்தது. கடைசி இரும்புக் கதவின் பூட்டு மட்டும் பயங்கர இறுக்கம்.

டெரன்ஸ் மாமா, 8.33
எழுதுகிறேன். மெதுவாகச் சொல்லுங்கள் அக்கா. பிறகு?

ஷாமினி, 8.36
பெரியம்மா: பிறகு திறந்தது, ஆனால் கிரீச் என்று சத்தம் போட்டு அரக்கனை எழுப்பிவிட்டது. மிச்சம் நேரில் சொல்கிறேன். ஷெல்டன் போதகர் செய்த மாதிரி. வருகிற ஞாயிறு புத்தகத்தோடு வா, நிரோவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. விளைமீன் கிடைத்தால் சொதி வைக்கச் சொல்கிறேன்.

டெரன்ஸ் மாமா, 8.37
வருகிறேன் அக்கா.

ஷாமினி, 8.39
பெரியம்மா: பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டு வா. பாலத்தில் மழை அடிக்கும்.

சரி, கண்ணுக்கு மருந்து விடுகிற நேரம். போனை வைக்கிறேன்.