போலீஸ் ஸ்டேஷன்ல உங்ககிட்ட கேட்ட முதல் கேள்வி என்ன? அனுபவத்தைச் சொல்லுங்க

நெல்லைப்பொண்ணு:
நானே ஆரம்பிக்கிறேன். கல்யாணமாகி நாலாவது வருஷம். வீட்டுக்காரர் சுவரோட தள்ளினதுல கண்ணாடி வளையல் உடைஞ்சு மணிக்கட்டுக்குள்ள இறங்கிடுச்சு. அம்மா துண்டைச் சுத்தி ஆட்டோவுல ஏத்துனாங்க. பக்கத்து ஸ்டேஷன்ல, "இது மகளிர் ஸ்டேஷன் கேஸும்மா, காலையில அங்க போங்க"ன்னுட்டாங்க. விடியிற வரைக்கும் அம்மாவும் நானும் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சுல உட்கார்ந்திருந்தோம்.

மகளிர் ஸ்டேஷன்ல எஸ்.ஐ. ஒரு பெண். எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அவங்க கேட்ட முதல் கேள்வி: "அவர் கை நீட்டுற அளவுக்கு நீ என்ன பேசின?"

மத்தியானம் அவரை வரவழைச்சாங்க. அவருக்கு நாற்காலி, நான் நின்னுட்டே இருந்தேன். புள்ளை முகத்தைப் பாரு, அனுசரிச்சுப் போன்னு சொல்லி ரெண்டு பேர்கிட்டயும் எழுதி வாங்கினாங்க. என் தாள்ல இருந்தது, "எங்களுக்குள் ஏற்பட்ட குடும்பத் தகராறு காரணமாக". அடின்னு ஒரு சொல் அதுல இல்ல. கையெழுத்துப் போடும்போது துண்டுல இருந்து ஒரு சொட்டு ரத்தம் தாள்ல விழுந்துச்சு. அந்தத் தாளை மடிச்சு ஓரமா வச்சுட்டு வேற தாள் எடுத்தாங்க.

மூணு வருஷம் கழிச்சு மறுபடியும் போனேன். வேற ஊர், வேற மகளிர் ஸ்டேஷன். அந்த இன்ஸ்பெக்டர் மேடம் முதல்ல சொன்னது, "கையைக் காட்டும்மா." அப்புறம் என் நாற்காலியை, வாசல்ல நின்ன என் புருஷன் வீட்டு ஆளுங்க என் கண்ணுல படாத மாதிரி திருப்பிப் போட்டாங்க. நான் சொல்லச் சொல்ல எழுதி, முழுசா வாசிச்சுக் காட்டி, "நீ சொன்னது இதானா? விட்டுப் போனது இருக்கா?"ன்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் பெண்கள், ரெண்டு பேரும் அதே காக்கி. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருதுன்னு இன்னிக்கு வரைக்கும் யோசிக்கிறேன். உங்களுக்கு என்ன நடந்துச்சு?

கரூர்_தம்பி:
அக்காவோட நான் துணைக்குப் போனேன். எனக்கு அப்போ வயசு 22. மேசைக்கு எதிர்ல உட்கார்ந்திருந்தது அக்கா. கன்னம் வீங்கியிருந்ததும் அவளுக்கு. ஆனா அந்த அதிகாரி அரை மணி நேரமும் என்னையே பார்த்துப் பேசினார். "கோர்ட்டு கேஸுன்னு போனா உங்க குடும்பத்துக்குத்தான் அசிங்கம் தம்பி. நீங்க படிச்சவரு, எடுத்துச் சொல்லுங்க." நானும் தலையை ஆட்டினேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுறேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வையை என்னால மறக்க முடியல. அவர் மனசுல இருந்த அதே கணக்கு என் மனசுலயும் இருந்திருக்கு.

மழைக்கால_மேகம்:
கூட்டமான பஸ்ல ஒருத்தன் செஞ்சதுக்கு நானே கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் ஸ்டேஷன்ல நிறுத்தினேன். "அந்த நேரத்துல தனியா எங்க போயிட்டு வந்த?" இதான் முதல் கேள்வி. அவன்கிட்ட அந்தக் கேள்வியை யாரும் கேக்கல.

ஓய்வுபெற்ற_ஏட்டம்மா:
28 வருஷம் காக்கி போட்டவ நான். 1992-ல சென்னை ஆயிரம் விளக்குல முதல் மகளிர் காவல் நிலையம் திறந்தப்போ எங்க வீட்ல அதைப் பத்திப் பெருமையாப் பேசிக்கிட்டாங்க. நான் வேலைக்கு வந்ததே அதுக்கு அப்புறம்தான். பொம்பளை இருந்தா பொம்பளைக்கு நியாயம் கிடைச்சிடும்னு நானும் நம்பினேன். ஆனா நாங்களும் அதே தெருவுல, அதே வீட்டுல வளர்ந்தவங்கதானே? என் மாமியார்கிட்ட நான் அனுசரிச்சுப் போனேன், நீயும் போ. இந்த எண்ணம் யூனிஃபார்ம் போட்டதும் கழண்டு விழுறது இல்ல.

இன்னொண்ணும் சொல்றேன். வந்து அழுதா உண்மை, அழலேன்னா பொய்னு எங்களுக்கு ஒரு அளவுகோல் இருந்துச்சு. ஒரு பொண்ணு வந்தா. நடந்ததைச் சொல்லும்போது ஒரு இடத்துல சிரிச்சா. தேதியை மாத்திச் சொன்னா. கேஸ் ஜோடிக்கிறான்னு நாங்க முடிவே பண்ணிட்டோம். ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு பயிற்சியில மனநல டாக்டர் ஒருத்தர் சொன்னார்: பயத்துல உறைஞ்சு போன மனசு நடந்ததை வரிசையாச் சொல்லாது, சம்பந்தமில்லாம சிரிக்கவும் செய்யும். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. சட்டப் பிரிவு நம்பரெல்லாம் மனப்பாடமா சொல்லிக் கொடுத்தாங்க, எதிர்ல உட்கார்ந்திருக்கிற பொண்ணுகிட்ட எப்படிப் பேசணும்னு முதல்லயே சொல்லிக் கொடுத்திருந்தா அந்தப் பொண்ணைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன்.

பெண் போலீஸைப் போட்டா மட்டும் போதும்னு நான் சொல்லல, அதனால பிரயோஜனமே இல்லேன்னும் சொல்லல. மத்தியப் பிரதேசத்துல 180 ஸ்டேஷன்ல ஒரு ஆய்வு நடத்தினாங்க. சாதாரண ஸ்டேஷனுக்குள்ளயே பெண்களுக்குத் தனி உதவி மேசை, தனியாப் பேச ஒரு இடம், எப்படி விசாரிக்கணும்னு ஆண் பெண் ரெண்டு பேருக்கும் பயிற்சி. புகார்கள் பதிவாகிறது கூடுச்சு. முறையா வழக்குப் பதியுற எஃப்.ஐ.ஆர். கூடினது முக்கியமா பெண் அதிகாரிங்க பொறுப்புல இருந்த மேசைகள்ல. பயிற்சியும் வேணும், ஆளும் வேணும், அந்த வேலைக்குன்னு நேரமும் வேணும். திருவிழா பந்தோபஸ்துல ரெண்டு நாள் நின்னுட்டு வந்தவகிட்ட நிதானமா காது கொடுத்துக் கேளுன்னா அவளால முடியாது.

வக்கீலம்மா_மதுரை:
ஏட்டம்மா மனசு விட்டு எழுதினதுக்கு நன்றி. என் கட்சிக்காரங்க கேஸ்ல நான் பார்க்கிறது எழுத்துல இருக்கிற பாரபட்சம். 2024 டிசம்பர்ல அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரை எடுத்துக்குங்க. எஃப்.ஐ.ஆர். வெளியில கசிஞ்சது ஒரு கொடுமை. அது எழுதப்பட்டிருந்த விதமே அந்தப் பொண்ணு மேல பழி போடுற மாதிரி இருக்குன்னு சென்னை உயர் நீதிமன்றம் கண்டிச்சது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி, மூணு பெண் ஐ.பி.எஸ். அதிகாரிங்ககிட்ட விசாரணையை ஒப்படைச்சது. 2025 ஜூன்ல குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை. சரியா விசாரிச்சா அஞ்சு மாசத்துல தீர்ப்பு வரும்னு நாம எல்லாருமே பார்த்தோம்.

அதிகாரியா இருக்கிற பெண்ணுக்கே என்ன நிலைமைன்னும் பார்த்தோம். 2021-ல ஒரு பெண் எஸ்.பி., மேலதிகாரி மேல பாலியல் புகார் கொடுக்க சென்னைக்குப் போகும்போது வழியிலயே தடுத்து நிறுத்தப்பட்டாங்க. 2023-ல அந்த மேலதிகாரிக்கு விழுப்புரம் கோர்ட் மூணு வருஷ தண்டனை கொடுத்துச்சு. எஸ்.பி. காரையே மறிக்க முடிஞ்சா, ஆட்டோவுல வர்ற பொண்ணு எம்மாத்திரம்?

மௌனராகம்77:
இவ்வளவு நாள் படிக்க மட்டும்தான் செஞ்சேன். நாளைக்குக் காலையில என் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போறேன். முழங்கை வீங்கியிருக்கு. என்ன எடுத்துட்டுப் போகணும்?

வக்கீலம்மா_மதுரை:
முதல்ல ஜி.எச்.சுக்குப் போங்கம்மா. யார் அடிச்சாங்கன்னு டாக்டர்கிட்ட தெளிவாச் சொல்லுங்க, கீழே விழுந்துட்டேன்னு சொல்லிடாதீங்க. ஆஸ்பத்திரியில காயத்தைப் பதிவு பண்ற ஏ.ஆர். காப்பியில அதுதான் பதிவாகும். புகாரை வீட்லயே எழுதி ரெண்டு நகல் வச்சுக்குங்க. எங்க எல்லைக்குள்ள வராதுன்னு சொன்னா, எந்த ஸ்டேஷன்லயும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடணும்னு சட்டத்துல இருக்குன்னு பதில் சொல்லுங்க. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தா அதே புகாரைத் தபால்ல எஸ்.பி.க்கு அனுப்பலாம். குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் இருக்காங்க, சமூக நல அலுவலகத்துல கேளுங்க. வழியில ஏதாவதுன்னா பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்க.

நெல்லைப்பொண்ணு:
மௌனராகம், ரசீது வாங்காம வெளியில வராதீங்க. எழுதினதை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. அவங்க எழுதினதுல குடும்பத் தகராறுன்னு மட்டும் இருந்தா கையெழுத்துப் போட வேண்டாம்.

கரூர்_தம்பி:
மௌனராகம் அக்கா, போலீஸ் உங்ககிட்ட திரும்பிப் பேசினா, "அவகிட்டயே கேளுங்க"ன்னு சொல்லிடுங்க. நான் அன்னிக்கு அதைச் சொல்லல.

மௌனராகம்77:
சரிப்பா. ரெண்டு நகல் எழுதிட்டோம். அவளே எழுதினா, இடது கையால.