கப்பியின் வால் கிழிகிறது, தண்ணீர் கலங்குகிறது: இரண்டடித் தொட்டியில் எந்த மீனோடு எந்த மீனை விடலாம்?

பேட்டை, திருநெல்வேலி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். மீன் வளர்ப்புக்கு நாங்கள் புதுசு. ஆறாம் வகுப்புப் படிக்கிற மகள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்ததால் போன வாரம் ஒரு தொட்டி வாங்கினோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஏர் பம்பு, ஸ்பாஞ்ச் பில்டர், கலர் கல் எல்லாம் சேர்த்தே கொடுத்தார்கள். அன்றைக்கே மீனும் விட்டாச்சு. கப்பி ஆறு, டைகர் பார்ப் இரண்டு, கோல்டு பிஷ் ஒன்று, கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சக்கர் ஒன்று. எல்லாம் ஒன்றாக இருக்கும் என்றுதான் கடையில் சொன்னார்கள்.

இப்போது கப்பிகளுக்கு வால் பிய்ந்து போயிருக்கிறது. ஒன்று இன்று காலையில் செத்துவிட்டது, மகள் சாப்பிடவே இல்லை. தண்ணீர் பால் விட்ட மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. கோல்டு பிஷ் மேலேயே நின்று வாயைத் திறந்து மூடுகிறது. மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும். இதில் எதை வைத்துக்கொள்வது, எதைத் திருப்பிக் கொடுப்பது? அவள் ஏஞ்சல், ஃபைட்டர், நியான் டெட்ரா எல்லாம் கேட்டு ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். அதில் எது சரிவரும்?

இன்னொன்று. தாமிரபரணியில் குறுக்குத்துறைப் படியில் உட்கார்ந்தால் காலைக் கடிக்குமே, அந்தக் குட்டி மீனைப் பிடித்து விடலாமா என்றும் கேட்கிறாள்.

பாளையங்கோட்டை

அக்கா, பதில் சொல்வதற்கு முன் நான்கு விஷயம் தெரிய வேண்டும். எந்தத் தண்ணீர்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீனி? பம்பு ராத்திரியும் ஓடுகிறதா? வால் கிழிந்த இடத்தில் ஓரம் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருக்கிறதா, இல்லை கத்தரித்த மாதிரி சுத்தமாக இருக்கிறதா?

பேட்டை

குழாய்த் தண்ணீர்தான், ஆற்றுத் தண்ணீர். பாதிக்குக் கேன் தண்ணீர் ஊற்றினோம், மீனுக்கு நல்லது என்று. தீனி மூன்று வேளை. பம்பு சத்தம் போடுவதால் ராத்திரி நிறுத்திவிடுகிறோம். வாலில் பஞ்சு எதுவும் இல்லை, பிறை மாதிரி ஒரு துண்டு போயிருக்கிறது. ஒரு கப்பிக்கு இரண்டு பக்கமும் அப்படி.

தச்சநல்லூர்

கல் உப்பு ஒரு கை, நீல மருந்து பத்துச் சொட்டு விடுங்கள். எங்கள் வீட்டில் எப்போதும் அதுதான்.

பாளையங்கோட்டை

தச்சநல்லூர் அண்ணாச்சி, நீல மருந்து இப்போது வேண்டாம். மெத்திலின் புளூ பூஞ்சைக்கு உதவும், ஆனால் பில்டரில் வளர வேண்டிய நல்ல பாக்டீரியாவையும் கெடுத்துவிடும். இந்தத் தொட்டிக்கு அந்த பாக்டீரியாதான் இப்போது உயிர். மருந்து கொடுப்பதாக இருந்தால் நோய் வந்த மீனைத் தனி வாளியில் வைத்துக் கொடுக்கலாம்.

அக்கா, உங்களுக்கு இரண்டு பிரச்சினை ஒன்றாக வந்திருக்கிறது. தண்ணீர் ஒன்று, கூட்டு இன்னொன்று.

முதலில் தண்ணீர். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியா ஆகும், அது மீனுக்கு விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் குறைந்த அளவில் இருந்தால் மீன் தாங்கும், நாம் தண்ணீர் மாற்றும்போது அதுவும் வெளியே போய்விடும். இந்த இரண்டு கூட்டமும் ஸ்பாஞ்சில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். உங்கள் பில்டரில் இப்போது வெறும் பஞ்சுதான் இருக்கிறது. அதற்குள் பத்து மீன், மூன்று வேளை தீனி. தண்ணீர் வெளுத்ததற்குக் காரணம் அதுதான்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: பம்பை நிறுத்தவே வேண்டாம். குழாய்த் தண்ணீரை வாயகன்ற டிரம்மில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். அவசரம் என்றால் ஆன்டி குளோரின் விட்டு உடனே பயன்படுத்தலாம். தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு இதை மெதுவாக ஊற்றுங்கள். முழுசாகக் கொட்டிக் கழுவாதீர்கள். இரண்டு நாளைக்குத் தீனியே வேண்டாம், மகளுக்குக் கஷ்டமாக இருந்தாலும். அதன் பிறகு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. வாரம் இரண்டு முறை கால் பங்கு மாற்றுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவக் கூடாது, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் லேசாகப் பிழிந்தால் போதும்.

கேன் தண்ணீரை விட்டுவிடுங்கள். ஆர்ஓ தண்ணீரில் தாது உப்பு மிகக் குறைவு, கப்பிக்கு அது ஆகாது. காசு கொடுத்து வாங்கும் தண்ணீரைவிட நம் குழாய்த் தண்ணீர் மீனுக்கு நல்லது.

இனி கூட்டு. பஞ்சு இல்லாமல் பிறை மாதிரி கிழிந்திருந்தால் அது கடி. வால் அழுகல் நோய் என்றால் ஓரம் வெளுத்து, நாளுக்கு நாள் உள்ளே ஏறும். விளக்கைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். டைகர் பார்ப் கப்பியின் பின்பக்கமாக வரும், வால் நுனியை மட்டும் சட்டென்று கொத்திவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி விலகிப் போகும். அது கெட்ட மீன் இல்லை. எட்டுப் பத்தாக இருந்தால் தங்களுக்குள்ளேயே விரட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மட்டும் விட்டால் அந்த வேகம் முழுவதும் பக்கத்தில் இருக்கிற நீள வால்காரர்கள் மேல் திரும்பும். இன்றைக்கே அந்த இரண்டையும் தனி வாளிக்கு மாற்றிவிட்டு, கடையில் திருப்பிக் கொடுங்கள்.

கோல்டு பிஷ்ஷையும் அனுப்பிவிடுங்கள். குளிர்ந்த தண்ணீர் மீன் அது, 20 டிகிரி வாக்கில் சுகமாக இருக்கும். நம் ஊரில் சித்திரை வைகாசியில் வீட்டுக்குள் இருக்கிற தொட்டியே 30 டிகிரியைத் தாண்டும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். வெயில் ஏற ஏற மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும், தண்ணீரில் மூச்சு குறையும். அம்மோனியாவின் விஷமும் சூட்டில் கூடும். அது மேலே நின்று வாயைத் திறப்பது அதனால்தான். போதாததற்கு அது நிறையக் கழிவு போடும், ஒரு சாணுக்கு மேல் வளரும்.

சக்கர் இப்போது விரல் அளவு இருக்கும். அது ஒன்றேகால் அடி, ஒன்றரை அடி வரை போகும். ஓரடி அகலத் தொட்டியில் அதனால் திரும்பக்கூட முடியாது. கண்ணாடிப் பாசியைத் தேய்க்க ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டை போதும்.

பேட்டை

நீங்கள் சொன்னபடியே பார்த்தோம், பார்ப்தான் கொத்துகிறது. இரண்டையும் வாளிக்கு மாற்றிவிட்டோம். தண்ணீரும் மாற்றியாச்சு. அப்படியென்றால் மிச்சம் ஐந்து கப்பிதான். ஏஞ்சலும் நியானும் வேண்டாமா?

பாளையங்கோட்டை

ஏஞ்சல் வேண்டாம். கடையில் ரூபாய்க் காசு அளவில் இருக்கும், வளர்ந்தால் துடுப்போடு சேர்த்து ஓரடித் தொட்டியின் பாதி உயரத்துக்கு மேல் நிற்கும். அப்போது வாயில் அடங்குகிற நியானை விழுங்கிவிடும். நாள்கணக்காக ஒன்றாகவே இருந்த நியான் ஒரு காலையில் காணாமல் போவது அப்படித்தான்.

ஃபைட்டர் ஆணுக்குக் கப்பியின் விசிறி வாலைப் பார்த்தால் இன்னொரு ஃபைட்டர் வந்துவிட்டதாகத் தோன்றும், விடாமல் விரட்டும். மகளுக்கு அதன்மேல் ரொம்ப ஆசை என்றால் பிறகு பதினைந்து இருபது லிட்டரில் அதற்கென்று தனித் தொட்டி வையுங்கள்.

நியான் டெட்ரா அமேசான் பக்கத்து மீன், மென்மையான தண்ணீர் பிடிக்கும், நம் ஆற்றுத் தண்ணீர் அதற்கு ஒத்துவரும். ஆனால் புதுத் தொட்டியில் விட்டால் முதலில் சாவதும் அதுதான். கோடை கழிந்து, தொட்டி மூன்று மாதம் ஓடிய பிறகு யோசிக்கலாம். வாங்கினால் ஆறுக்குக் குறையக் கூடாது.

இரண்டடித் தொட்டி கணக்குக்கு 56 லிட்டர். கல்லும் மேலே விடுகிற இடமும் போக 45 லிட்டர்தான் இருக்கும். என் யோசனை: கப்பியில் ஆண் மட்டும் ஆறு, பிளாட்டி நான்கு, தேன் கவுராமி ஒன்று. அவ்வளவு போதும். கவுராமி மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன், வெயில் காலத்தில் கரண்டு போனாலும் தாங்கும். சாதுவானதும்கூட. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். இருக்கிற கப்பியோடு ஒரு மாதம் ஓட்டுங்கள், அப்புறம் பிளாட்டி, அப்புறம் இரண்டு வாரம் விட்டுக் கவுராமி.

ஆண் கப்பி ஏன் என்றால், பெண் ஏறக்குறைய மாதம் ஒரு முறை குட்டி போடும். ஒரு தடவை இணை சேர்ந்தாலே பல மாதம் ஆண் துணை இல்லாமல் குட்டி போடும். 45 லிட்டர் சீக்கிரம் நிறைந்துவிடும். பிளாட்டியும் குட்டி போடுகிற இனம்தான், அதிலும் ஆணாகப் பார்த்துக் கேளுங்கள்.

தச்சநல்லூர்

கவுராமிக்குப் பதில் சீப்ரா டேனியோ போடலாமே தம்பி. நம் நாட்டு மீன், சூடும் தாங்கும், குளிரும் தாங்கும்.

பாளையங்கோட்டை

நல்ல மீன் அண்ணாச்சி, புதுசாக வளர்க்கிறவர்களுக்கு ரொம்பப் பொருத்தம். ஆனால் ஆறு எட்டாக இருக்க வேண்டும், சும்மா இருக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், நீள வால் கப்பியைச் சில சமயம் கொத்தும். கப்பி இல்லாமல் பிளாட்டியோடு விடுவதாக இருந்தால் நானும் டேனியோவைத்தான் சொல்வேன்.

தாழையூத்து

ஆற்றுத் தண்ணீர் வராத வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி, போர் தண்ணீர் காய்ந்தால் பக்கெட்டில் வெள்ளைப் படிவம் நிற்கும். இந்தத் தண்ணீரில் நியான் நிற்காது. மோலி, கப்பி, பிளாட்டி மூன்றும் கடினத் தண்ணீரில் இன்னும் நன்றாக இருக்கும். கருப்பு மோலி எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பெருகுகிறது. பட்டியலைப் பார்த்து மீன் வாங்குவதைவிட, வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீருக்கு எது ஒத்துவரும் என்று பார்த்து வாங்கினால் பாதிச் சாவு தவிரும்.

அம்பாசமுத்திரம்

ஆற்று மீன் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. தயவுசெய்து பிடிக்க வேண்டாம். பிடித்துத் தொட்டியில் விட்டால் நோயும் ஒட்டுண்ணியும் சேர்ந்தே வரும், ஓடுகிற தண்ணீரில் பழகியது ஓரடிப் பெட்டியில் கண்ணாடியில் முட்டிக்கொண்டே இருக்கும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தாமிரபரணிக்கென்றே ஒரு மீன் இருக்கிறது, டாக்கின்சியா தாம்பிரபர்ணியை. மீனியல் அறிஞர் சைலஸ் 1954-இல் வகைப்படுத்தி நம் ஆற்றின் பெயரையே வைத்தார். கெண்டை இனம், உடம்பில் கருந்திட்டு, வளர்ந்த ஆணுக்கு முதுகுத் துடுப்பிலிருந்து இழை இழையாக நீண்டு தொங்கும். இந்த ஆற்றை விட்டால் வேறு எங்கும் இயற்கையில் கிடையாது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் இருப்பதாக வைத்திருக்கிறார்கள். குட்டியாக இருக்கும்போது இது எது, சாதாரணக் கெண்டைக் குஞ்சு எது என்று நமக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை பாபநாசம் கோயில் படித்துறைக்குக் கூட்டி வாருங்கள். பொரி போட்டால் கூட்டமாக வரும், கண் நிறையப் பார்க்கலாம்.

சக்கரையும் கோல்டு பிஷ்ஷையும் கடையில் திருப்பி வாங்கவில்லை என்றால் ஆற்றிலோ நயினார்குளத்திலோ விட்டுவிடாதீர்கள். சக்கர் நம் நாட்டு மீனே இல்லை. எந்தக் குளத்திலும் பிழைத்துப் பெருகிவிடும், கரையில் வளை தோண்டும், வலையைக் கிழிக்கும், உள்ளூர் மீனின் முட்டையையும் தீனியையும் தின்னும். பாவம் பார்த்துக் குளத்தில் விடுவது அந்தக் குளத்து மீனுக்குச் செய்கிற கெடுதல்.

பேட்டை

இதை மகளிடம் வாசித்துக் காட்டினேன். நம் ஆற்றின் பெயரில் மீனா என்று கேட்டுவிட்டு, ஆற்று மீன் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறாள். பார்ப்பையும் சக்கரையும் கடையில் வாங்கிக்கொண்டார்கள். கோல்டு பிஷ் பாளையங்கோட்டையில் பெரிய சிமெண்டுத் தொட்டி வைத்திருக்கிற உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது.

பேட்டை (சில வாரம் கழித்து)

தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டது. கப்பி ஐந்தும் நன்றாக இருக்கின்றன, கிழிந்த வால் ஓரத்தில் நிறமில்லாத மெல்லிய தோல் வளர்கிறது. அது நோயா? அப்புறம், குற்றாலம் சீசனுக்குத் தென்காசியில் அம்மா வீட்டுக்கு நான்கு நாள் போகிறோம். பக்கத்து வீட்டில் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகலாமா?

பாளையங்கோட்டை

நோய் இல்லை அக்கா, புது வால் அப்படித்தான் முளைக்கும், நிறம் பிறகு ஏறும்.

டப்பாவைக் கொடுக்காதீர்கள். பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். வளர்ந்த கப்பி நான்கு நாள் தீனி இல்லாமல் தாராளமாக இருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றிவிடுங்கள், புது மீன் எதுவும் அந்த வாரம் வாங்க வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு பம்பை மட்டும் ஓட விடுங்கள். கரண்டு அடிக்கடி போகிற தெரு என்றால் கரண்டு நின்றவுடன் தானாக ஓடுகிற பேட்டரி ஏர் பம்பு கடையில் கிடைக்கும், அதை ஒன்று மாட்டிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் பிளாட்டி வாங்கலாம், உங்கள் தொட்டி தயாராகியிருக்கும்.