நித்யா வளைகாப்பு – கான்சஸ் சிட்டி (குடும்பக் குழு)

ஜனவரி 28, 2025, செவ்வாய்

சேகர் மாமா: அனைவருக்கும் வணக்கம். நேற்று மாலை அடித்தளப் படிக்கட்டில் மரகதம் தடுக்கி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கிறது. கட்டுப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். வலி குறைந்திருக்கிறது, யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் 9-ஆம் தேதி சமையலை அவளால் முன்நின்று செய்ய முடியாது. யார் எதைப் பார்ப்பது என்று இன்றே பேசிவிடுவோம்.

வித்யா: ஐயோ! அத்தை தூங்குகிறார்களா? அழைக்கலாமா?

கோமதி சித்தி: அக்காவைக் கரண்டியே தொட விடாதீர்கள் அண்ணா.

பாட்டி (கும்பகோணம்): எந்தக் கை?

சேகர் மாமா: வலது கை அத்தை.

ராஜு பெரியப்பா: எதற்கு இந்தச் சிரமமெல்லாம்? விருந்து முழுவதையும் டாலஸிலிருந்து நான் கொண்டுவந்துவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார்.

முரளி: வித்யா கல்யாணத்துக்கு வந்தாரே, அவரா?

ராஜு பெரியப்பா: அன்று சாலையில் விபத்து. அதை இன்னும் எத்தனை வருஷம் சொல்லிக்காட்டுவீர்கள்?

வித்யா: சாம்பார் வந்து சேர்ந்தபோது தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருந்தோம் பெரியப்பா.

ராஜு பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வித்யா: நான் நினைப்பது இதுதான். புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் மூன்றையும் கோமதி சித்தி எடுத்துக்கொள்ளட்டும். அதிரசத்தை நானும் முரளியும் பார்த்துக்கொள்கிறோம். சரியா?

கோமதி சித்தி: எனக்குச் சரி.

முரளி: அதிரசமா?

சேகர் மாமா: வித்யா, அவசரப்படாதே. கோமதியை இனிப்பிலிருந்து எடுத்துச் சாதத்தில் போட்டால் ஓர் ஓட்டை இரண்டு ஓட்டையாகிவிடும். 2021-இல் அமெரிக்கக் கால்பந்தில் நம் ஊர் சீஃப்ஸ் அணிக்கு நடந்ததைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அந்த வருஷம் ஜனவரி 24, பஃபலோவுடன் அரையிறுதி. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது கடைசிக் கால்பகுதியில் எரிக் ஃபிஷருக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. அவர் இடது டேக்கிள், அதாவது பந்தை எறிபவரைக் காக்கும் முன்வரிசை ஐவரில் இடது முனையில் நிற்பவர். பந்தை எறியும் நம் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் வலக்கைக்காரர். எறியத் திரும்பி நிற்கும்போது இடது பக்கம் அவருடைய முதுகுப் பக்கமாகிவிடும், அங்கிருந்து பாய்ந்து வருகிறவனை அவரால் பார்க்க முடியாது. வலது டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸோ முதுகுக் காயத்தால் அக்டோபரிலிருந்தே இல்லை. அவர் இடத்தில் ஆடிக்கொண்டிருந்த மைக் ரெம்மர்ஸை இடது முனைக்குக் கொண்டுபோனார்கள். காலியான வலது முனைக்கு, டேக்கிளுக்கு உட்பக்கம் நிற்கும் கார்டாக இருந்த ஆண்ட்ரூ வைலி. வைலி விட்ட இடத்துக்கு ஸ்டெஃபன் விஸ்னியெவ்ஸ்கி. அடிபட்டது ஒருவருக்கு, புது ஆள் நின்றது மூன்று இடத்தில்.

இரண்டு வாரம் கழித்து டாம்பாவில் சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டம். மஹோம்ஸ் மீது 29 முறை நெருக்கடி. சூப்பர் பௌல் வரலாற்றில் அதுவரை எந்தக் குவார்ட்டர்பேக்கும் அத்தனை நெருக்கடியைப் பார்த்ததில்லை. பந்தை எறிவதற்கு முன்பு தப்பிப்பதற்காக மட்டும் அவர் 497 கெஜம் ஓடினார் என்று கணக்கிட்டார்கள். 31–9 என்று தோற்றோம்.

பாட்டி (கும்பகோணம்): குதிகாலில் யாருக்கு அடி? ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே.

வித்யா: நம் வீட்டில் யாருக்கும் இல்லை பாட்டி. மாமா ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறார்.

பாட்டி (கும்பகோணம்): மரகதத்துக்குப் பிரண்டைத் துவையல் அரைத்துக் கொடுக்கச் சொல்.

ராஜு பெரியப்பா: மாப்பிள்ளை, புளியோதரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சேகர் மாமா: சம்பந்தம் இருக்கிறது மச்சான். கோமதி பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்த்தே பதம் சொல்லிவிடுவாள். அந்தக் கையைப் புளிக்காய்ச்சல் கிளற அனுப்பினால் புளியோதரை சுமாராக வரும், அதிரசம் எண்ணெயிலேயே பிரிந்துபோகும். நல்ல ஆளை அவருக்குப் பழகிய இடத்திலேயே விட வேண்டும்.

அருண் (பிலடெல்பியா): மாமா, இதைச் சொல்வதற்குச் சரியான வருஷம்தான். சீஃப்ஸ் இந்த முறையும் அதையேதானே செய்து வைத்திருக்கிறார்கள்!

கோமதி சித்தி: அருண், விமான டிக்கெட் போட்டாயா?

சேகர் மாமா: அருண் சொல்வது உண்மை. எனக்கும் அந்தக் கவலைதான். ஜோ தூனி லீக்கிலேயே தலைசிறந்த இடது கார்ட்களில் ஒருவர். டிசம்பரிலிருந்து அவரை இடது டேக்கிளாக நிறுத்தியிருக்கிறார்கள். வேறு வழியும் இல்லை. வருஷத் தொடக்கத்தில் கிங்ஸ்லி சுவாமதாயாவை நிறுத்தினார்கள், தாங்கவில்லை. வான்யா மோரிஸும் தடுமாறினார். நவம்பரில் டி.ஜே. ஹம்ஃப்ரீஸை எடுத்தார்கள். முழங்கால் அறுவை முடிந்து வந்தவர், முதல் ஆட்டத்திலேயே தொடைத்தசை பிடித்துக்கொண்டது. தூனி முனையில் நன்றாகவே சமாளிக்கிறார். ஆனால் அவர் விட்டுவந்த கார்ட் இடத்தில் மைக் கலியெண்டோ. நல்ல பையன்தான், ஆனால் அவன் தூனி இல்லை.

முரளி: எல்லோரும் ஒரே உயரம், ஒரே எடை. இடம் மாறினால் அவ்வளவு வித்தியாசமா மாமா?

சேகர் மாமா: நல்ல கேள்வி முரளி. கார்டுக்கு இரண்டு பக்கமும் ஆள் உண்டு. நெருக்கமான இடம், பலம்தான் வேலை. டேக்கிளுக்கு வெளிப்பக்கம் ஒருவரும் இல்லை. அங்கே நீளமான கையும், பின்வாங்கிக்கொண்டே நகரும் காலும் வேண்டும். வலது முனையிலிருந்து இடது முனைக்குப் போனால் எந்தக் காலை முதலில் பின்னுக்கு எடுப்பது என்பதே தலைகீழ்.

அதைவிடப் பெரியது, பக்கத்தில் நிற்பவனோடு உள்ள பழக்கம். எதிரணியில் இரண்டு பேர் ஓடிவரும்போதே குறுக்கும் நெடுக்குமாக இடம் மாற்றிக்கொள்வார்கள். தன்னிடம் வந்தவனைப் பக்கத்து ஆளிடம் விட்டுவிட்டு, அங்கிருந்து வருகிறவனை இவர் பிடிக்க வேண்டும். கண்மூடித் திறப்பதற்குள் முடியும் காரியம், பேசிக்கொள்ள நேரம் இருக்காது. ஒருவர் புதிதானால் இருவரும் ஒரே ஆளைப் பிடிப்பார்கள், மற்றவன் நடுவில் புகுந்துவிடுவான். பயந்துபோய்த் துணைக்கு இன்னோர் ஆளை நிறுத்தினால், பந்து வாங்க ஓடுவதற்கு ஓர் ஆள் குறைந்துவிடும். மஹோம்ஸுக்கு எறிய இடமே இருக்காது.

ராஜு பெரியப்பா: படித்தேன். டாலஸ் ஆளுக்கு முன்பணம் அனுப்பலாமா?

வித்யா: வேண்டாம் பெரியப்பா.

மரகதம் அத்தை: இடது கையால் தட்டுகிறேன். புளிக்காய்ச்சலை முரளி கிளறட்டும். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்கிறேன். கோமதி அதிரசத்தை விட்டு நகர வேண்டாம்.

முரளி: நானா அத்தை?

மரகதம் அத்தை: நீதான். எண்ணெய் மேலே மிதந்து வரும்வரை கிளற வேண்டும். இரண்டு நாள் முன்பே செய்துவிடுவோம்.

பாட்டி (கும்பகோணம்): நேரம் என்ன?

ராஜு பெரியப்பா: மாலை ஐந்து என்றால் நான் ஞாயிறு காலையிலேயே டாலஸிலிருந்து கிளம்பி வந்துவிடுவேன்.

சேகர் மாமா: மாலை ஐந்தா? ஐந்தரைக்கு நியூ ஆர்லியன்ஸில் இந்த வருஷ சூப்பர் பௌல் தொடங்குகிறது மச்சான், நம் சீஃப்ஸ் ஆடுகிறது. இந்த ஊரில் அன்று மாலை ஒருவரும் வரமாட்டார்கள், கூடமும் கிடைக்காது.

பாட்டி (கும்பகோணம்): ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை இராகு காலம். வளையல் போடக் கூடாது. பன்னிரண்டுக்கு எமகண்டம். காலை பத்தரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அருண் (பிலடெல்பியா): ஆட்டம் இராகு காலத்தில் தொடங்குகிறதா! யாருக்குக் கெடுதல் பாட்டி?

கோமதி சித்தி: அருண், டிக்கெட்?

அருண் (பிலடெல்பியா): அம்மா... எங்கள் ஊர் ஈகிள்ஸ் அணிதான் சீஃப்ஸுக்கு எதிராக ஆடுகிறது. அன்று இந்த ஊரை விட்டு எப்படி வருவது?

கோமதி சித்தி: அக்காவுக்கு வளைகாப்பு. உனக்கு ஆட்டம்.

நித்யா: விடுங்கள் சித்தி. வீடியோவில் வரட்டும். அருண், வளையல் போடும்போது நீ விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சேகர் மாமா: அருண், உங்கள் முன்வரிசையிலும் அடி உண்டே. முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் ஜர்கன்ஸுக்கு முதுகில் காயம். அதற்காக இடது கார்ட் டிக்கர்சனைச் சென்டராக்கினார்கள், அவருக்கு முழங்காலில் பட்டது. பிறகு அதே முதுகோடு ஜர்கன்ஸ் இறங்கினார்.

அருண் (பிலடெல்பியா): ஆமாம் மாமா. அப்படியும் அரையிறுதியில் 55 புள்ளி எடுத்தோம். எங்களுக்கு ஸ்டௌட்லண்ட் இருக்கிறார். அமெரிக்கக் கால்பந்தே ஆடியிராத ஜோர்டன் மைலாட்டாவைச் சிட்னியிலிருந்து கொண்டுவந்து இடது டேக்கிளாக்கிய பயிற்சியாளர். மாற்று ஆளை வாரக் கடைசியில் தேடக் கூடாது, வருஷக் கணக்கில் வளர்க்க வேண்டும்.

சேகர் மாமா: அதில் எனக்கு மறுப்பே இல்லை. 2021 தோல்விக்குப் பிறகு நம்மவர்களும் அதைத்தான் செய்தார்கள். ஃபிஷரையும் ஷ்வார்ட்ஸையும் விடுவித்தார்கள். தூனிக்கு ஐந்து வருஷத்துக்கு 8 கோடி டாலர். ஆர்லாண்டோ பிரௌனைப் பால்டிமோரிலிருந்து வாங்கினார்கள். கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் கிரீட் ஹம்ஃப்ரி இரண்டாம் சுற்றில், ட்ரே ஸ்மித் ஆறாம் சுற்றில். கல்லூரியில் ஸ்மித்துக்கு நுரையீரலில் இரத்தக்கட்டு இருந்ததால் மற்ற அணிகள் பயந்து விட்டுவிட்டன. 2023 சூப்பர் பௌலில் இதே ஈகிள்ஸ், அந்தப் பருவத்தில் 70 முறை எதிரணிக் குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியவர்கள், மஹோம்ஸை ஒருமுறைகூடத் தரையில் சாய்க்க முடியவில்லை. 38–35 என்று வென்றோம்.

ராஜு பெரியப்பா: எங்கள் டாலஸ் கௌபாய்ஸ் அணியின் முன்வரிசையைப் பற்றியும் ஒருநாள் பேசலாம்.

முரளி: வேண்டாம் பெரியப்பா, பாட்டி தூங்க வேண்டும்.

பாட்டி (கும்பகோணம்): இங்கே இனிமேல்தான் விடியப்போகிறது. அந்த அணியில் டாக்டர் இல்லையா?

சேகர் மாமா: இருந்தார் அத்தை! லோரன் டுவெர்னே-டார்டிஃப். கார்டாக ஆடிக்கொண்டே மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கியவர். 2020-இல் கொரோனா வந்தபோது, அந்தப் பருவம் ஆடமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கியூபெக்கில் முதியோர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்யப் போய்விட்டார். அந்த முன்வரிசையில் அவரும் இல்லாமல் போனது அதனால்தான். அதை இழப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாட்டி (கும்பகோணம்): நல்ல பிள்ளை.

வித்யா: சரி. காலை பத்தரை. அதிரசம் சித்தி. புளியோதரை முரளி, அத்தை மேற்பார்வை. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் யார்? கண்ணாடி வளையல் யார்?

ராஜு பெரியப்பா: வளையல் நான்.

வித்யா: எலுமிச்சை?

வித்யா: யாராவது?

பிப்ரவரி 9, ஞாயிறு

வித்யா: (12 படங்கள்)

பாட்டி (கும்பகோணம்): கண்ணே பட்டுவிடும். வேப்பிலைக் காப்பு முதலில் போட்டீர்களா?

நித்யா: போட்டோம் பாட்டி.

அருண் (பிலடெல்பியா): முழுவதும் பார்த்தேன் அக்கா. முரளி அத்தானின் புளியோதரை எப்படி?

மரகதம் அத்தை: உப்பு அரைக் கரண்டி கூடிவிட்டது. மற்றபடி குறை இல்லை. அதிரசம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ராஜு பெரியப்பா: எலுமிச்சை சாதம் கடையில் வாங்கியதா?

முரளி: மாமா எங்கே? ஆறரை மணியிலிருந்து ஒரு வார்த்தைகூட இல்லை.

மரகதம் அத்தை: தொலைக்காட்சி முன்னால். இடைவேளையில் 24–0. சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

சேகர் மாமா: 40–22 என்று தோற்றோம். கடைசியில் வந்த புள்ளிகளை நான் கணக்கில் எடுக்கவில்லை, முதல் பாதியில் நாம் நகர்ந்ததே 23 கெஜம்தான். மஹோம்ஸ் ஆறு முறை வீழ்ந்தார். ஈகிள்ஸின் தடுப்பாட்டப் பயிற்சியாளர் ஃபான்ஜியோ, மஹோம்ஸைப் பிடிக்கக் கூடுதலாக ஓர் ஆளைக்கூட அனுப்பவில்லை. முன்னால் நின்ற நால்வரே போதுமாக இருந்தது. நால்வர் போதும் என்றால் மீதி ஏழு பேரும் பின்னால் நின்று ஒவ்வொரு பாதையையும் அடைத்துவிடலாம். இரண்டாம் கால்பகுதியில் ஈகிள்ஸின் கூப்பர் டிஜீன் பறித்துக்கொண்டு ஓடிய பந்தைத் திரும்பப் பாருங்கள். ஆள் விலகி இருக்கிறானா என்று பார்க்கும் அவகாசம் இல்லாமல் எறிந்த பந்து அது. 2021-இல் மஹோம்ஸ் கீழே விழுந்துகொண்டே, உடல் தரைக்கு இணையாக இருக்கும்போது எறிந்தாரே, அது நம் டேரல் வில்லியம்ஸின் முகக்கவசத்திலேயே போய்ப் பட்டது. அப்போது முன்வரிசைதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். இப்போது மஹோம்ஸுக்கு வயதாகிவிட்டது என்கிறார்கள். எனக்கு அது ஆத்திரமாக இருக்கிறது.

அருண் (பிலடெல்பியா): ஆனால் மாமா, அடிபடாத வலது பக்கத்திலும் எங்கள் ஆட்கள் புகுந்தார்களே. ஜாஷ் ஸ்வெட், மில்டன் வில்லியம்ஸ் எல்லோரும். காயம் மட்டுமே காரணம் இல்லை.

சேகர் மாமா: ஒப்புக்கொள்கிறேன். உங்கள் ஆழம் எங்களிடம் இல்லை. ஆனால் இடது பக்கம் உதவி போனால் வலது பக்கம் தனியாகத்தானே நிற்கும்? போன வருஷம் சான் ஃபிரான்சிஸ்கோவுடன் ஆடிய சூப்பர் பௌலை நினைத்துப் பார். தூனிக்கு நெஞ்சுத்தசையில் காயம், நிக் அலெக்ரெட்டி வந்தார். இரண்டாம் கால்பகுதியில் முழங்கைத் தசைநார் கிழிந்தும், கூடுதல் நேரம் வரை வெளியே போகாமல் ஆடினார். அப்போது மற்ற நால்வரும் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள். வென்றோம்.

அருண் (பிலடெல்பியா): அந்த அலெக்ரெட்டியைத்தானே வாஷிங்டனுக்கு விட்டுவிட்டீர்கள்.

சேகர் மாமா: ஆமாம்.

ராஜு பெரியப்பா: மேயில் பெயர் சூட்டு விழாவுக்காவது என் ஆளைக் கேட்கலாமா? இப்போது புது வண்டி வாங்கியிருக்கிறார்.

முரளி: அத்தையின் கை அதற்குள் சரியாகிவிடும்.

மரகதம் அத்தை: சரியாகாவிட்டாலும் நீ இருக்கிறாயே.

வித்யா: ஏப்ரல் கடைசியில் பேசி முடிவு செய்வோம்.

சேகர் மாமா: 24 முதல் 26 வரை வேண்டாம் வித்யா. டிராஃப்ட். இடது டேக்கிள் எடுத்தே ஆக வேண்டும்.

கோமதி சித்தி: அருண், மே மாத டிக்கெட் விலை பார்த்தாயா?

அருண் (பிலடெல்பியா): வெள்ளிக்கிழமை இங்கே வெற்றி ஊர்வலம் அம்மா. அது முடியட்டும்.