வீணைப் பதிவுக்கு வீட்டில் செய்யும் மைக் ப்ரீஆம்ப்: எந்தச் சுற்றைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் வசிக்கிறேன். என் மகளின் வீணை வாசிப்பை ஷ்யூர் எஸ்எம்58 மைக்கையும் மைக்கைக் கணினியுடன் இணைக்கும் ஒரு பழைய யுஎஸ்பி இன்டர்ஃபேஸையும் கொண்டு வீட்டில் பதிவு செய்து வருகிறோம். கெயின் குமிழை ஏறத்தாழ முழுவதும் திருப்பினால்தான் போதிய ஒலியளவு கிடைக்கிறது. அப்படித் திருப்பியதும், மீட்டிய ஸ்வரத்தின் கார்வை மெல்ல அடங்கும் இடத்தில் 'உஸ்' என்ற இரைச்சல் மேலெழுந்து, கமகத்தின் கடைசி அசைவை விழுங்கிவிடுகிறது.

எனக்கு சால்டரிங் பழக்கம் உண்டு. மல்டிமீட்டரும் கையில் இருக்கிறது. எனவே மைக்கின் மெல்லிய சிக்னலை உயர்த்தும் ஒரு ப்ரீஆம்பை நானே செய்யலாம் என்று எண்ணுகிறேன். ஐஎன்ஏ217 போன்ற ஐசியைக் கொண்ட எளிய சுற்று, நீவ் 1073 என்ற பழைய ஸ்டுடியோ ப்ரீஆம்பைப் பின்பற்றிய டிரான்ஸ்ஃபார்மர் கிட், வால்வு ப்ரீஆம்ப் ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தால் இரைச்சல் உண்மையில் குறையும்? அடுத்த முறை சென்னை செல்லும்போது ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கிவிடலாம் என்பதால், அதற்குள் முடிவு செய்ய விரும்புகிறேன்.

முதல் பதில்

வணக்கம் ஐயா. சுற்றைத் தேர்ந்தெடுக்கும் முன், இரைச்சல் எங்கே பிறக்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. எஸ்எம்58 மைக் 94 டெசிபெல் ஒலியழுத்தத்தில் சுமார் 1.85 மில்லிவோல்ட் தரும். அரை மீட்டர் தொலைவில் வீணை 64 டெசிபெல் அளவில் ஒலிப்பதாக வைத்துக்கொண்டால், அது 30 டெசிபெல் குறைவு; ஆகவே மைக்கிலிருந்து வருவது ஏறத்தாழ 58 மைக்ரோவோல்ட் மட்டுமே. மறுபுறம், அந்த மைக்கின் மின்தடை சுமார் 300 ஓம். எந்த மின்தடையும் அறை வெப்பநிலையில் தானாகவே இரைச்சலை உண்டாக்கும். 20 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில் 300 ஓமுக்கு அது ஏறத்தாழ 0.31 மைக்ரோவோல்ட். இந்த இரண்டுக்கும் இடையே சுமார் 45 டெசிபெல் இடைவெளிதான் இருக்கிறது. உலகிலேயே விலையுயர்ந்த ப்ரீஆம்பை வைத்தாலும் அந்த இடைவெளியைக் கூட்ட முடியாது. இருப்பதை வீணாக்காமல் காக்க மட்டுமே முடியும். மைக்கை அரை மீட்டரிலிருந்து கால் மீட்டருக்குக் கொண்டு வந்தாலோ, செலவில்லாமல் ஐந்தாறு டெசிபெல் கிடைத்துவிடும்.

உங்கள் இன்டர்ஃபேஸ் அந்த இடைவெளியில் எவ்வளவைத் தின்கிறது என்பதை ஒரு 150 ஓம் ரெசிஸ்டரைக் கொண்டே அளந்துவிடலாம். ஒரு எக்ஸ்எல்ஆர் பிளக்கின் (மூன்று பின் மைக் பிளக்) 2, 3 ஆகிய பின்களுக்கு இடையே அந்த ரெசிஸ்டரை சால்டர் செய்து மூடியை இறுக்குங்கள். ஃபாண்டம் பவரை (கேபிள் வழியாகவே மைக்குக்குச் செல்லும் 48 வோல்ட் மின்சாரம்) அணைத்துவிட்டு, கெயினை முழுவதும் வைத்துச் சிறிது நேரம் பதிவு செய்து, அதன் ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி) அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குமிழைத் தொடாமல், ரெசிஸ்டர் இருந்த இடத்தில் ஒரு கம்பித்துண்டைப் போட்டு மீண்டும் பதிவு செய்யுங்கள். அளவு 3 டெசிபெல் குறைந்தால், இன்டர்ஃபேஸின் சொந்த இரைச்சலும் ரெசிஸ்டரின் இரைச்சலும் சமம் என்று பொருள். உள்ளீட்டு இரைச்சல் கணக்கில் அது ஏறத்தாழ −128 டிபியூ (0.775 வோல்ட்டோடு ஒப்பிடும் டெசிபெல் அளவு), மிக நல்ல எண். அளவு அசையவே இல்லையென்றால், குற்றம் முழுவதும் இன்டர்ஃபேஸின் முன்கட்டத்தில் இருக்கிறது. விற்பனைத் தாள்களில் காணும் எண்களை ஒப்பிடும்போது கவனம் தேவை. உள்ளீட்டை ஷார்ட் செய்து அளந்த எண்ணும் 150 ஓம் வைத்து அளந்த எண்ணும் ஒன்றல்ல.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே அளந்தேன். ரெசிஸ்டருக்கும் கம்பிக்கும் இடையே 1 டெசிபெல் அளவுக்குத்தான் வேறுபாடு தெரிகிறது. மைக்கை நெருக்கி வைத்துப் பார்த்ததில் இரைச்சல் கணிசமாக அடங்கியது. ஆனால் கால் மீட்டருக்கும் குறைந்தால் வீணையின் மெட்டு (ஃப்ரெட்) மீது விரல் உரசும் ஒலி கூடிவிடுகிறது.

முதல் பதிலை எழுதியவர்

அப்படியானால் உங்கள் இன்டர்ஃபேஸின் உள்ளீட்டு இரைச்சல் சுமார் −124 டிபியூ. அதன் சொந்த இரைச்சல் மட்டும் 0.43 மைக்ரோவோல்ட்; மைக்கின் 0.31-ஐ விட அதிகம். நல்ல ஐசி ப்ரீஆம்ப் ஒன்றை முன்னால் வைத்தால், உங்கள் மைக்குடன் மூன்றரை டெசிபெல் அளவுக்கு இரைச்சல் குறையும். காதுக்குத் தெரியக்கூடிய முன்னேற்றம்தான். எனவே செய்வதில் பொருள் இருக்கிறது.

இரண்டாம் பதில்

கேட்டவருக்கு வணக்கம். ஐசி வழியைத் தேர்ந்தெடுத்தால் ஐஎன்ஏ217, எஸ்எஸ்எம்2019, தேட்1510 ஆகிய மூன்றும் ஒரே பின் அமைப்பில் கிடைக்கின்றன. உயர் கெயினில் மூன்றின் இரைச்சலும் ஒரு ரூட் ஹெர்ட்ஸுக்கு (இரைச்சல் அடர்த்தியின் அலகு) 1 முதல் 1.3 நானோவோல்ட் வரைதான். உங்கள் மைக்குடன் அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் காதால் பிரித்தறிய இயலாது. எனவே நம்பகமான விற்பனையாளரிடம் எது கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். உற்பத்தி நின்றுபோன எஸ்எஸ்எம்2017 என்று அச்சிட்டு விற்கப்படும் ஐசிக்களில் போலிகள் மிகுதி என்பதால், அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

மூன்றிலும் கெயினை ஒரே ஒரு ரெசிஸ்டர்தான் தீர்மானிக்கிறது: 10,000-ஐ அந்த ரெசிஸ்டரின் ஓம் மதிப்பால் வகுத்து 1-ஐக் கூட்ட வேண்டும். 10 ஓம் போட்டால் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு, அதாவது 60 டெசிபெல். சாதாரண பொட்டென்ஷியோமீட்டரைப் போட்டால், குமிழ் முக்கால் சுற்று வரும்வரை எதுவும் நிகழாதது போலிருந்து, கடைசி நூலிழையில் 20 டெசிபெல் பாய்ந்துவிடும். இதைச் சீராக்கும் ரிவர்ஸ் லாக் வகை எளிதில் கிடைப்பதில்லை. பன்னிரண்டு நிலை ரோட்டரி ஸ்விட்சில் தனித்தனி ரெசிஸ்டர்களைப் பொருத்துவதையே நான் பரிந்துரைப்பேன். முன்பு செய்த பதிவின் அளவுக்கே மறுபடி திரும்ப முடிவது வீட்டுப் பதிவில் பெரிய வசதி. அந்த ரெசிஸ்டரோடு தொடராக 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வேண்டும். 10 ஓமில் அதன் கீழ் எல்லை 16 ஹெர்ட்ஸ். வீணையின் மிகத் தாழ்ந்த தந்தியான அனுமந்தரப் பஞ்சமம்கூடச் சிதையாமல் கடந்துவிடும்.

எஸ்எம்58 வெளி மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக் என்பதால், முதல் ப்ரீஆம்பில் 48 வோல்ட் ஃபாண்டம் பவரை விட்டுவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. அதைச் சேர்த்தால் 6.8 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டை 0.4 விழுக்காட்டுக்குள் பொருத்தமாகத் தேட வேண்டும். 63 வோல்ட் தாங்கும் தடுப்புக் கெப்பாசிட்டர்கள் வேண்டும். அவை நிறைந்திருக்கும்போது மைக் கேபிள் ஷார்ட் ஆனால் ஐசியின் உள்ளீட்டில் ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் பாயும் என்பதால் பாதுகாப்பு டயோடுகளும் வேண்டும். ஃபாண்டம் இல்லையென்றால் ஒவ்வோர் உள்ளீட்டிலிருந்தும் தரைக்கு 2.2 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் போதும். ஆனால் அதை மறந்துவிடக் கூடாது. அந்தப் பாதை இல்லாமல் ஐசி இயங்காது.

மின்வழங்கிக்கு ±15 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மரைத் தனிப் பெட்டியில், நல்ல எர்த் இணைப்புடனும் ஃபியூஸுடனும் வையுங்கள். எக்ஸ்எல்ஆரின் 1-ஆம் பின்னைச் சர்க்யூட் போர்டின் தரைக்குக் கொண்டு செல்லாமல், சாக்கெட் அருகிலேயே உலோகப் பெட்டியுடன் குட்டையான கம்பியால் இணையுங்கள். ஒலிப் பொறியாளர் நீல் மன்சி 1995-இல் எழுதிய கட்டுரை இந்த ஒரு இணைப்பின் முக்கியத்துவத்தை விரிவாக விளக்கியது. இன்றும் வீட்டில் செய்யும் கருவிகளில் 'ம்ம்' என்ற ரீங்காரத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மூன்றாம் பதில்

டிரான்ஸ்ஃபார்மர் கிட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஜென்சன் ஜேடி-115கே-ஈ போன்ற 1:10 டிரான்ஸ்ஃபார்மர், மின்சாரமே இல்லாமல் 20 டெசிபெல் கெயின் தருகிறது. அதன் ஒலித்தன்மையை விரும்புபவர்களின் விருப்பத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஒரு பாகத்தின் விலையோடு சுங்கவரியும் சேர்ந்தால், ஐசி ப்ரீஆம்பின் மொத்தச் செலவைத் தாண்டிவிடும். இரைச்சலைக் குறைப்பதே நோக்கம் என்னும்போது அது தேவையற்ற செலவு. வால்வு ப்ரீஆம்ப், இரைச்சலைக் குறைக்கும் உங்கள் நோக்கத்துக்கு எதிர்த்திசை.

உங்கள் இன்டர்ஃபேஸில் ஃபாண்டம் பவர் இருப்பதாகத் தெரிகிறது. அப்படியானால் இதைவிடச் சிறிய வேலை ஒன்று உண்டு: இரண்டு ஜேஃபெட்களை (ஒருவகை டிரான்சிஸ்டர்) கொண்டு மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் வைக்கும் பூஸ்டர். கடையில் கிளவுட்லிஃப்டர், ஃபெட்ஹெட் என்று விற்பவை இந்த வகைதான்; 25 டெசிபெல் அளவுக்கு உயர்த்துகின்றன. மின்சாரத்தை இன்டர்ஃபேஸின் 48 வோல்ட்டிலிருந்தே எடுத்துக்கொள்வதால், 230 வோல்ட்டைத் தொடும் வேலையே இல்லை. சிக்னல் முன்னாலேயே உயர்ந்துவிடுவதால், இன்டர்ஃபேஸின் 0.43 மைக்ரோவோல்ட் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சிறுத்துவிடும். கணக்கிட்டால் ஐஎன்ஏ217 தரும் பலனுக்கு மிக அருகில் வருகிறது. கெயினை மாற்ற முடியாது என்பது குறைதான். தவிலுக்கு அருகில் வைத்தால் இன்டர்ஃபேஸின் உள்ளீடு நிரம்பி வழியும். வீணைக்கு அந்தக் கவலை இல்லை.

பழைய சுற்றுப்படங்களில் காணும் 2எஸ்கே170 என்ற ஜேஃபெட்டின் உற்பத்தி நின்றுவிட்டது. அதற்கு மாற்றாக எல்எஸ்கே170 வருகிறது. நான்கைந்து வாங்கி, அதன் கேட், சோர்ஸ் என்ற இரு கால்களையும் இணைத்து 9 வோல்ட் பேட்டரியில் ஒவ்வொன்றின் மின்னோட்டத்தையும் மல்டிமீட்டரில் அளந்து, மிக நெருங்கி வரும் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். கையால் பிடித்த சூட்டில் அளவு மாறும் என்பதால், பொருத்திய பின் சற்றுப் பொறுத்து எண்ணைப் படியுங்கள்.

கேள்வி கேட்டவர்

இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தான் இருக்கிறது. மல்டிமீட்டரில் பார்த்தேன், 47 வோல்ட் காட்டுகிறது. பூஸ்டரை முதலில் செய்கிறேன். அதை மைக்கின் அடியிலேயே செருக வேண்டுமா, இன்டர்ஃபேஸ் பக்கம் வைக்கலாமா?

மூன்றாம் பதிலை எழுதியவர்

47 வோல்ட் போதுமானது. 44 முதல் 52 வரை ஏற்கத்தக்கதே. மைக்குக்கு அருகில் வையுங்கள். நீளமான கேபிள் பூஸ்டருக்குப் பிறகு வந்தால், வழியில் சேரும் குறுக்கீடு உயர்த்தப்பட்ட சிக்னலுக்கு முன் அற்பமாகிவிடும். தடித்த உலோகக் குழாயில் பொருத்துங்கள்; பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் அருகிலுள்ள கைப்பேசியின் குறுக்கீடு பதிவில் நுழைய வாய்ப்புண்டு.