7/8 பயிற்சிக்கு பேக்கிங் ட்ராக் உதவுமா, கெடுக்குமா?

ஏழரை:
ஆறு மாசமா 7/8 (ஒரு பார், அதாவது ஒரு சுத்துக்கு, ஏழு எண்ணிக்கை) பேக்கிங் ட்ராக் போட்டு, அதாவது ட்ரம்ஸும் பேஸும் முன்னாடியே பதிவு பண்ணி வச்சதை ஓட விட்டு, கிடார்ல இ மைனர்ல இம்ப்ரோவைஸ் (மனசுல தோணுறதை அப்பவே வாசிக்கிறது) பண்ணிப் பழகுறேன். வாசிக்கும்போது நானே ஏதோ பெரிய ஆளு மாதிரி இருக்கும். நேத்து ட்ராக்கை மியூட் பண்ணிட்டு கிடார் பதிவை மட்டும் தனியா கேட்டேன். ஏழையே காணோம்! நாலு நோட்டுல ஒரு லிக் (குட்டி இசைத் துணுக்கு), அப்புறம் மூணு எண்ணிக்கை சும்மா நிக்கிறேன். ஒண்ணு வந்ததும் மறுபடி அதே லிக். நடுவுல இருந்த ஓட்டையை எல்லாம் ட்ரம்ஸ் அடைச்சிருக்கு. இத்தனை நாள் நான் பண்ணது பயிற்சிதானா?

மிருதங்கப்பேரன்:
இல்லை தம்பி, நடைவண்டி. அதைப் பிடிச்சுக்கிட்டு ஆறு மாசம் வீட்டைச் சுத்தி வந்திருக்கீங்க. ஒரு வாரம் கிடாரைத் தொடாதீங்க. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு தட்டி "தகிட தகதிமி"ன்னு சொல்லுங்க, 3+4. அது தூக்கத்துலயும் வரணும். அப்புறம் உங்க லிக்கை வாயாலயே சொல்லிப் பாருங்க. வாயில வராதது விரல்ல வராது. கிடார்காரர் ஜான் மெக்லாஃப்லின் நம்ம கஞ்சிரா செல்வகணேஷோட சேர்ந்து கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால சொல்றது) பாடத்தை டிவிடியாவே போட்டிருக்கார். அவ்வளவு வேகமான கை இருக்கிறவருக்கே வாய் தேவைப்பட்டிருக்கு.

தனிக்கம்பி:
கொன்னக்கோல் நல்லதுதான் சார், மறுக்கலை. ஆனா ஏழுன்னாலே மிஸ்ர சாபுன்னு முடிச்சிடுறீங்களே, அங்கதான் இடிக்குது. பல்கேரியாவோட ரச்சேனித்சா நடனமும் ஏழுதான், ஆனா 2+2+3. அழுத்தம் விழுற இடமே வேற. "தகிட"ன்னு ஆரம்பிச்சுப் பழகினவன் அதுல போனா தடுக்கி விழுவான், நான் விழுந்திருக்கேன். இன்னொண்ணு, இம்ப்ரோவைசேஷன்ல பாதி வேலை காதுக்கு. கார்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்கள்) எங்க மாறுது, பேஸ் எங்க இறங்குதுன்னு கேட்டுத்தான் பதில் சொல்லணும். தாளம் மட்டும் தட்டினா அது எப்படி வரும்?

ட்ராக் மேல தப்பில்லை, ட்ரம்ஸ் அடைஞ்சு கிடக்கிற ட்ராக் மேலதான் தப்பு. 1959-ல வந்த 'டேக் ஃபைவ்'ங்கிற அஞ்சு எண்ணிக்கை ஜாஸ் பாட்டைக் கேளுங்க. மொரெல்லோ ட்ரம் சோலோ அடிக்கிறப்போ, அடியில ப்ரூபெக் பியானோவுல அதே 3+2-ஐ விடாம வாசிச்சுக்கிட்டே இருப்பார். அது பேக்கிங் ட்ராக் இல்லாம வேற என்ன?

மிருதங்கப்பேரன்:
அதுல சோலோ அடிச்சவருக்கு அஞ்சு ஏற்கெனவே உடம்புல இருந்துச்சு. நம்ம தம்பிக்கு ஏழு இன்னும் ஸ்பீக்கர்லதான் இருக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்.

மலைக்கோட்டை பேஸ்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். பிங்க் ஃபிளாய்ட் 'மணி' (1973) 7/4. ஆனா கிடார் சோலோ வந்ததும் பாட்டே 4/4-க்கு மாறிடும். அவங்க கிடாரிஸ்ட் கில்மரே நாலுக்கு வந்துட்டார், நாம எதுக்குப்பா கஷ்டப்படணும்? 😄

தனிக்கம்பி:
அதே பாட்டுல அதுக்கு முன்னாடி வர்ற சாக்ஸஃபோன் சோலோ ஏழுலயே போகுதே, அதை ஏன் விட்டுட்டீங்க?

ஏழரை, உங்க நாலு நோட்டு லிக் இருக்குல்ல, அதை நிறுத்தாம அடுக்கிக்கிட்டே போங்க. நடுவுல ஏழு எண்ணிக்கை முடிஞ்சு அடுத்த பார் வந்தா வந்துட்டுப் போகட்டும். 28 எண்ணிக்கையில, அதாவது சரியா நாலு பார் முடிஞ்சதும், தானா ஒண்ணுல வந்து உட்காரும். மூணு நோட்டு லிக்னா மூணு பார். நிக்கிற பழக்கம் அதுலயே போயிடும். ஆனா இதை ட்ராக்கோட பண்ணுங்க. நாலும் ஏழும் உரசுறதைக் காதால கேட்டாத்தான் ருசி தெரியும்.

மிருதங்கப்பேரன்:
இந்தக் கணக்கு எங்க வீட்டுச் சொத்து 🙂 தகதிமி, ஒரு கார்வை (ஒரு எண்ணிக்கை இடைவெளி), தகதிமி, ஒரு கார்வை, தகதிமி. மொத்தம் 14. ரெண்டு ஆவர்த்தனத்துல (தாளச் சுத்துல) சமத்துக்கு, அதாவது ஒண்ணுக்கு, வந்துடும். இந்த மூணு தகதிமிக்கும் மூணு வேற ஸ்வரம் போட்டா அருமையான முடிவு. ஆனா ட்ராக் வேண்டாம்ங்கிறதுல நான் மாறலை. மெட்ரோனோமை (சீரா தட்டுற தாளக் கருவி) நிமிஷத்துக்கு 60 தட்டுல வைங்க. ஒரு தட்டுக்கு ரெண்டு எட்டாம் நோட்டு, அதாவது ரெண்டு எண்ணிக்கை. முதல் பார்ல தட்டு 1, 3, 5, 7-ல விழும், அடுத்த பார்ல 2, 4, 6-ல. எதிர்த்தட்டு வர்ற அந்த ரெண்டாவது பார்ல ஆடாம நின்னுட்டா, அப்புறம் எந்த ட்ராக் வேணா போட்டுக்கோங்க.

ஏழரை:
ரெண்டு பேர் சொன்னதையும் நேத்து ராத்திரி முயற்சி பண்ணேன். ட்ரம்ஸை எடுத்துட்டு பேஸ் மட்டும் வச்சு நாலு நோட்டை அடுக்கினேன். மூணு பார் வரைக்கும் ஓடுது, நாலாவதுல காணாம போயிடறேன். காரணமும் தெரிஞ்சுது. என் கால் அது பாட்டுக்கு நேரா தட்டிக்கிட்டே போகுது, ரெண்டாவது பார்ல ஒண்ணு வர்றப்போ கால் மேல தூக்கி நிக்குது. காலை அழுத்திப் பிடிச்சா கை நின்னுடுது.

மிருதங்கப்பேரன்:
ஐயோ, காலைப் பிடிக்காதீங்க! நான் சொன்ன மெட்ரோனோமே அதுதான். உங்க காலுக்கு அது தானா வருது. ரெண்டாவது பாரோட ஒண்ணுல கால் மேல தூக்கி நிக்கிறதுதான் சரி. கையைத்தான் அதுக்குப் பழக்கணும்.

தனிக்கம்பி:
சரி. ஆனா பேஸை மட்டும் மியூட் பண்ணிடாதீங்க, ஏழரை. அடுத்த பதிவுல நாலாவது பாரையும் சேர்த்துப் போடுங்க, கேட்கிறோம்.