ரிலீஸ் ஆன பிறகும் வேகனின் பிரேக் சிலிண்டரில் 0.7 பார் நிற்கிறது: புது ரப்பர் கிட்தான் காரணமா?

போகி_65:
சரக்கு வேகன்களின் டிஸ்ட்ரிபியூட்டர் வால்வுகளை (பிரேக் பைப்பின் அழுத்தத்தைப் பார்த்து பிரேக் சிலிண்டருக்குக் காற்றை விடுபவை, எடுப்பவை) பிரித்து, புது சப்ளையரின் ரப்பர் கிட் போட்டு மாட்டினோம். டெஸ்ட் பெஞ்சில் எல்லாம் பாஸ். ரயிலில் கோத்து வழியில் எஞ்சின் மாற்றியதும், முன்பக்க ஆறு வேகன்களில் பிரேக் விடவில்லை. பிரேக் பைப்பில் 5 பார் சரியாக இருக்கிறது, ஆனால் சிலிண்டர் கேஜ் 0.6, 0.7 காட்டுகிறது. பின்னாலுள்ள வேகன்களிலும் அதே கிட்தான், அங்கே ஒன்றுமில்லை. கிட் மொத்தத்தையும் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

காற்றழுத்தம்:
இப்போதைக்கு வேண்டாம் சார். நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது: எஞ்சின் மாறியது, முன்பக்கம் மட்டும்.

பழைய எஞ்சின் பைப்பை 5.3 பாருக்கு ஏற்றியிருக்கும். அதை வேகனின் கண்ட்ரோல் ரிசர்வாயர் (வால்வு ஒப்பிட்டுப் பார்க்கும் அழுத்தத்தை வைத்திருக்கும் தொட்டி) பிடித்து வைத்துக்கொண்டது. புது எஞ்சின் கொடுப்பது 5 பார். வால்வு இந்த இரண்டையும்தான் ஒப்பிடுகிறது, 0.3 குறைவு என்றால் டிரைவர் பிரேக் போட்டதாகவே எடுத்துக்கொள்ளும். பைப்பில் 1.5 பார் இறக்கினால் சிலிண்டரில் 3.8 ஏறும், அதாவது சுமார் இரண்டரை மடங்கு. 0.3-ஐ அப்படிப் பெருக்கிப் பாருங்கள், உங்கள் 0.7 வந்துவிடும். நீண்ட ரயிலில் கசிவால் கடைசி வேகன்கள் வரை அந்த அதிகப்படி அழுத்தம் போய்ச் சேராது. அதனால்தான் பின்னால் தொல்லை இல்லை.

ரயிலை நகராமல் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, வால்வின் ரிலீஸ் கம்பியை இழுங்கள். சிலிண்டர் காலியாகும் சத்தம் கேட்டதும் விட்டுவிட வேண்டும். பிடித்துக்கொண்டே நின்றால் சிலிண்டருக்குக் காற்று தரும் ஆக்சிலரி ரிசர்வாயரும் காலியாகிற டிசைன்கள் உண்டு. பிறகு ரிசர்வாயர்கள் 5 பாருக்கு நிரம்பும் வரை காத்திருந்து, ஒரு ஃபுல் சர்வீஸ் (முழு பிரேக்) போட்டு ரிலீஸ் செய்யுங்கள். கேஜ் பூஜ்யத்துக்கு வந்தால் அது வெறும் ஓவர்சார்ஜ். இரண்டு எஞ்சின்களின் கேஜையும் ஒரே மாஸ்டர் கேஜோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜி/பி (கூட்ஸ்/பாசஞ்சர்) லீவரையும் ஒரு பார்வை பாருங்கள். ஜி நிலையில் ரிலீஸ் ஆக 45 முதல் 60 விநாடி, பி நிலையில் 15 முதல் 20 விநாடி. ஜி-யில் இருக்கும் வேகனை 20 விநாடியில் பார்த்துவிட்டு ‘பைண்டிங்’ (பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது) என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது.

கம்பிவேலை:
கேஜ் பூஜ்யம் காட்டியும் பிரேக் கட்டை சக்கரத்தை விடவில்லை என்றால் காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹேண்ட் பிரேக் முழுவதும் தளர்ந்திருக்கிறதா, லீவர் பின்கள் காய்ந்து இறுகியிருக்கிறதா, கட்டைக்கும் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் சுழல்கிறதா என்று பாருங்கள். புதுக் கட்டை போட்டபோது அட்ஜஸ்டரைப் பின்னோக்கித் திருப்ப மறந்திருந்தால் இடைவெளியே இருக்காது.

போகி_65:
கம்பி இழுத்தோம். நான்கு வேகன் சரியாகிவிட்டது. இரண்டில் ஃபுல் சர்வீஸுக்குப் பிறகு மறுபடி 0.5 நிற்கிறது. லீவர் இரண்டிலும் ஜி, ஒன்றரை நிமிடம் பார்த்தாயிற்று.

சோக்_துவாரம்:
அந்த இரண்டில் ஒரு வால்வைக் கழற்றி, நன்றாக இருக்கும் வேகனின் அதே மாடல் வால்வோடு இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு வால்வோடு போனால் வால்வு. வேகனிலேயே நின்றால் பைப், சிலிண்டர் பக்கம்.

வால்வு என்றால் கிட்டைக் குறை சொல்லும் முன் எக்ஸாஸ்ட் சோக்கை (சிலிண்டர் காற்று வெளியேறும் சின்னத் துவாரம்) பாருங்கள். பஞ்சுத் துணியால் துடைத்தால் நூலிழை உள்ளே போய் அடைக்கும். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தவே கூடாது. துவாரம் கொஞ்சம் பெரிதானாலும் நேரக் கணக்கு மாறிவிடும், அப்புறம் அந்த சோக்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான். காற்று ஊதிச் சுத்தம் செய்தாலே போதும். சென்சிடிவிட்டி சோக் அடைத்தால் தொல்லை வேறு மாதிரி: நிமிடத்துக்கு 0.3 பார் என்ற மெதுவான கசிவுக்கு பிரேக் பிடிக்கவே கூடாது, ஆனால் பிடிக்கும். 6 விநாடியில் 0.6 இறக்கினால் கட்டாயம் பிடிக்க வேண்டும். இந்த இரண்டு சோதனையையும் பெஞ்சில் விட்டுவிடாதீர்கள்.

டயாஃபிரத்தின் ஓரம் பள்ளத்தில் சுற்றிலும் உட்கார்ந்திருக்க வேண்டும். போல்ட்டை எதிரெதிராக முடுக்காமல் வரிசையாக முடுக்கினால் ஒரு பக்கம் பிதுங்கும். எந்த கிரீஸ் போட்டீர்கள்? ஈபிடிஎம் ரப்பரில் மினரல் ஆயில் கிரீஸ் பட்டால் ஊதிப் போகும், வால்வுக்குள் நகரும் ஸ்பூல் இறுகும். நைட்ரைல் அதைத் தாங்கும். கிட்டில் எது எந்த ரப்பர் என்று சப்ளையர் எழுதித் தரவில்லை என்றால், அதுவே அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

கூடவே பேட்ச் எண், ஹார்ட்னெஸ் டெஸ்ட் சான்று, வார்ப்புத் தேதி கேளுங்கள். பில் தேதி வேறு, ரப்பர் வார்த்த தேதி வேறு. ஐஎஸ்ஓ 2230 கணக்கில் நைட்ரைலுக்கு 7 ஆண்டு, ஈபிடிஎம், சிலிகானுக்கு 10 ஆண்டு. அதுவும் வெளிச்சம் படாத உறையில், 25 டிகிரிக்குள், ஓசோன் வரும் மோட்டார், வெல்டிங் பக்கம் வைக்காமல் இருந்தால். ஓ-ரிங்கை ஆணியில் மாட்டித் தொங்கவிட்ட ஸ்டோரில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

பிரித்ததும் பழைய டயாஃபிரத்தையும் புதியதையும் போட்டோ எடுத்துப் போடுங்கள். பேட்ச் எண் தெரிய வேண்டும்.